கச்சான் காலத்து வெயிலை மாரிக்குப் புதைத்து வைக்கலாமா?

தாழங்குடாத் தம்பி எழுதியது:

வணக்கம். கூரைகளில் சோலார் சுடுதண்ணி யந்திரம் பூட்டுவது என் வேலை, பதினொரு வருடமாக. படித்த அறிவு இல்லை, கைப்பழக்கம்தான். கேள்விக்கு முதல் கதையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கேள்வி விளங்காது.

கல்கரியில் இருக்கிற அத்தான் போன வருடம் வீடு வாங்கினார். மாசி மாதத்துக் காஸ் பில்லைப் பார்த்துவிட்டு எனக்கு எடுத்தார். "டேய், இங்க கோடையில ராத்திரி பத்து மணிக்கும் வெயில் நிக்குது. அந்தச் சூட்டைப் பின்வளவில் குழி வெட்டி மண்ணுக்குள்ள இறக்கி, மாரியில எடுத்து வீட்டைச் சூடாக்க ஏலாதா? பக்கத்து ஊரில செய்திருக்கிறாங்களாம். நீதானே சோலார் வேலை செய்யிறாய், ஒரு கணக்குச் சொல்லு" என்றார்.

கணக்கு எனக்கு வராது, செய்து பார்ப்பதுதான் வரும். எங்கள் குசினிக்குப் பின்னால் ஐந்து அடி அகலம், ஆறு அடி ஆழத்தில் ஒரு குழி. சுற்றிவரத் தடித்த பொலித்தீன், அதற்கு வெளியே தென்னந்தும்பை அமத்தி அடைத்தேன். உள்ளே 40 மீற்றர் சுடுதண்ணிக் குழாயைச் சுருள்சுருளாக வைத்து, எடுத்த மணலையே திரும்பப் போட்டு மூடினேன். ஒரு விடுதியில் கழற்றிய பழைய சோலார் பலகை இரண்டு, சின்னப் பம்ப் ஒன்று. ஆனி நடுவில் தொடங்கினேன். நல்ல கச்சான் காற்று, முகத்தில் அடுப்பு ஊதுகிற மாதிரி வெயில். ஆவணி முடிய நடுக்குழியில் வெப்பமானி 54 பாகை காட்டியது. நானே ராசா என்று நினைத்துக்கொண்டு பம்பை நிற்பாட்டினேன்.

பதினாலாம் நாள் 36. ஒரு மாதத்தில் 31. ஐப்பசிக் கடைசியில் மழை இறங்கியதும் நிலத்தடித் தண்ணீர் ஏறி, பொலித்தீனுக்குள்ளும் வந்து, குழி நிரம்பிவிட்டது. அம்மா விறாந்தையில் நின்று பார்த்துவிட்டுச் சொன்னா: "சூடு வைக்கிறன் எண்டு வெட்டி, தவளைக்கு வீடு கட்டிக் குடுத்திருக்கிறான்."

சரி, கேள்வி இதுதான். நான் எங்கே பிழை விட்டேன்? அத்தானுக்கு என்ன சொல்வது?

சும்மா வந்தவன் எழுதியது:

மட்டக்களப்பில் சூட்டைச் சேமிக்கிறதா? வாவியில் தண்ணீர் விற்கிற கதைதான். நான் இதை வேப்பமரத்துக்குக் கீழே இருந்து வாசிக்கிறேன், கைத்தொலைபேசி வேர்வையில் வழுக்குகிறது. தவளை எத்தனை என்று அம்மாவிடம் கேட்டுச் சொல்லவும்.

வாவிக்கரை வாத்தி எழுதியது:

தம்பி, நீங்கள் செய்ததில் பெரிய பிழை இல்லை. குழிதான் சின்னது.

மண்ணுக்குள் சூடு ஓடாது, ஊரும். ஈரமண்ணில் ஒரு மீற்றர் தூரம் ஊர ஏறத்தாழப் பன்னிரண்டு நாள் என்று வையுங்கள். இரண்டு மீற்றர் ஊர இருபத்துநான்கு நாள் என்று நினைப்பீர்கள். இல்லை, நாற்பத்தெட்டு. தூரம் இரட்டித்தால் காலம் நான்கு மடங்கு. பத்து மீற்றர் என்றால் நூறு மடங்கு, மூன்று வருடத்துக்கு மேல். இது ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மிச்சமெல்லாம் தானாக விளங்கும். உங்கள் குழியில் நடுவிலிருந்து விளிம்புக்கு இரண்டரை அடி, அதாவது ஒரு கிழமைத் தூரம். பதினாலு நாளுக்குப் பிறகும் 36 நின்றதே தென்னந்தும்பின் புண்ணியம்.

இன்னொரு பக்கமாகவும் பார்க்கலாம். கோயில் அன்னதானத்துக்குக் கிடாரத்தில் வடித்த சோறு பின்னேரம் மட்டும் சுடும். அதே அரிசி, அதே அடுப்பு, வீட்டுப் பானையில் வடித்தது ஒரு மணித்தியாலத்தில் ஆறிவிடும். சூட்டைப் பிடித்து வைப்பது உள்ளே இருக்கிற கொள்ளளவு, விடுவது வெளித்தோல். பாத்திரத்தின் அகலமும் உயரமும் இரட்டித்தால் கொள்ளளவு எட்டு மடங்கு, தோல் நான்கு மடங்குதான்.

இனி அத்தானின் கணக்கு. அல்பேட்டாவில் சாதாரண வீடொன்று வருடத்துக்கு 100 கிகாஜூல் அளவில் காஸ் எரிக்கும். அங்கே பில்லிலேயே கிகாஜூல் என்றுதான் இருக்கும். நம் மின்சாரப் பில்லின் யூனிட்டில் அது 28,000க்குக் கொஞ்சம் குறைவு. ஒரு கன மீற்றர் தண்ணீரை 50 பாகை சூடாக்கினால் அதற்குள் 58 யூனிட் அடங்கும். ஆகவே ஒரு சொட்டும் வீணாகாவிட்டாலும் 480 கன மீற்றர் தண்ணீர் வேண்டும். பாதி வழியிலேயே போய்விடும் என்று வைத்தால் 960. பத்து மீற்றர் நீளம், பத்து மீற்றர் அகலம், பத்து மீற்றர் ஆழம். அத்தானின் பின்வளவில் அதை வெட்டினால் வீடே குழிக்குள் இறங்கிவிடும். மண் என்றால் இன்னும் மோசம், தண்ணீரின் பாதியளவு சூட்டைத்தான் அது பிடிக்கும்.

ஒரு பக்கக் கதை. மார்கழி விடியலில் கிணற்றடியில் குளித்தவர்களுக்குத் தெரியும், முதல் வாளி இளஞ்சூடாக இருக்கும், மேலே ஆவியும் பறக்கும். அதே கிணறு ஆடி நடுப்பகலில் குளிர்ந்து கிடக்கும். தண்ணீர் மாறவில்லை, ஆண்டு முழுக்க 28 பாகைக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. மாறியது நம் தோல். கோடையையும் மாரியையும் மண் ஏற்கெனவே கலந்து சராசரியாக்கித்தான் வைத்திருக்கிறது. கல்கரி மண்ணில் அந்தச் சராசரி ஐந்தாறு பாகைதான்.

கல்கரிக் கொக்கு எழுதியது:

நானும் ஆரையம்பதிதான் தம்பி, உங்களுக்குப் பக்கத்து ஊர். அத்தான் சொன்ன "பக்கத்து ஊர்" ஒகோரொக்ஸ். என் வீட்டிலிருந்து தெற்கே காரில் அரை மணித்தியாலம். அங்கே ட்ரேக் லாண்டிங் என்று ஒரு குடியிருப்பு. பனிக்காலத்தில் ஒருமுறை மினக்கெட்டுப் போய்ப் பார்த்தேன்.

பார்க்க ஒன்றும் இல்லை என்பதுதான் அதன் அழகு. 52 வீடுகள். வீட்டுக்குப் பின்னால் ஒழுங்கை, ஒழுங்கை ஓரம் கார்க்கொட்டகைகள், அவற்றின் கூரை முழுக்க வெப்பப் பலகைகள், ஏறத்தாழ 800. ஒரு மூலையில் சின்னப் பூங்கா. பிள்ளைகள் சறுக்கி விளையாடுகிற அந்தப் புல்லுக்குக் கீழேதான் சாமான் இருந்தது. 35 மீற்றர் அகல வட்டத்துக்குள் 144 துளைகள், ஒவ்வொன்றும் 35 மீற்றர் அளவு ஆழம். அதாவது 34,000 கன மீற்றர் மண். உங்கள் குழி எத்தனை கன மீற்றர் வரும், மூன்று?

அந்த 144ஐயும் ஆறாறாகக் கோத்திருந்தார்கள், நடுவிலிருந்து விளிம்புக்கு. கோடையில் சுடுதண்ணி முதலில் நடுத்துளைக்குள் இறங்கி, சூட்டை விட்டுவிட்டு விட்டுவிட்டு வெளிப்பக்கம் போகும். மாரியில் அப்படியே திருப்பி ஓட்டம்: விளிம்பில் தொடங்கி, சூடு ஏற ஏற நடுவுக்கு வந்து வெளியேறும். ஆக எப்போதும் நடு சூடு, விளிம்பு ஆறல். கோடை முடிவில் நடுமண் 80 பாகை வரை போகும். மேலே சூடு போகாமல் காப்புப் படை போட்டு, அதற்கு மேல் மண்ணும் புல்லும். கீழே மூடி இல்லை, பக்கத்திலும் இல்லை. மண்ணுக்கு மண்ணே காப்பு.

ஆனால் ஒரு விஷயம். 2007இல் தொடங்கினார்கள். முதல் வருடம் வீடுகளுக்குத் தேவையான சூட்டில் 55 சதவீதம்தான் வெயிலால் கிடைத்தது. போட்ட சூட்டில் பெரும்பகுதியைச் சுற்றியிருந்த குளிர்ந்த மண் குடித்துவிட்டது. ஐந்தாவது வருடம் 97. 2015-16 குளிர்காலத்தில் முழுதாக 100. தம்பி ஒரு கோடையில் கைவிட்டுவிட்டீர்கள், அவர்கள் ஐந்து கோடை அந்த மண்ணுக்குத் தீனி போட்டார்கள்.

அப்புறம் சோகமான பகுதி. 2024இல் அதை மூடுவது என்று முடிவாகிவிட்டது. மண்ணில் பிழை இல்லை. மேலே இருந்த பொறிகள் வயதாகிப் பழுதாகத் தொடங்கின, சில உதிரிப்பாகங்கள் சந்தையிலேயே கிடையாது, திருத்துகிற செலவை 52 வீடு தாங்காது. வீடுகள் காஸுக்கு மாறின. அல்பேட்டாவில் காஸ் மலிவு, அதையும் சொல்லத்தான் வேண்டும். அந்தப் பதினேழு வருடத்தைத் தோல்வி என்று நான் சொல்ல மாட்டேன். ஒரே ஒரு இடத்தில் மட்டும் ஓடுகிற யந்திரத்துக்கு யார் உதிரிப்பாகம் செய்துகொண்டிருப்பார்கள்?

சும்மா வந்தவன் எழுதியது:

நம்மட ஊர் பஸ்ஸுக்கு மட்டும் நாற்பது வருடத்துக்குப் பிறகும் உதிரிப்பாகம் கிடைக்கிறதே. அவர்களை இங்கே அனுப்பியிருக்கலாம்.

தாழங்குடாத் தம்பி எழுதியது:

சேர், கொக்கு அண்ணன், இரண்டு பேருக்கும் நன்றி. என் குழி மூன்று கன மீற்றர்தான், சரியாகப் பிடித்துவிட்டீர்கள்.

ஆனால் ஒன்று விளங்கவில்லை. பின்லாந்தில் "மணல் பற்றரி" என்று ஒன்று கட்டியிருக்கிறார்களாம், 100 தொன் மணல்தானாம். 34,000 கன மீற்றருக்குப் பக்கத்தில் அது ஒன்றுமே இல்லையே? எங்கள் ஊரில் மணலுக்கா பஞ்சம்?

வாவிக்கரை வாத்தி எழுதியது:

அது வேறு சாமான். காங்கான்பா என்ற ஊரில் 2022இல் தொடங்கியது. நிலத்துக்கு மேலே நிற்கிற இரும்புத் தொட்டி, உள்ளே மணல். வெயிலால் அல்ல, மின்சாரத்தால் 500 பாகைக்குப் போகும் அளவுக்குச் சூடாக்குகிறார்கள். அதனால்தான் 100 தொன்னுக்குள் 8,000 யூனிட் அடைக்க முடிகிறது. மின்சாரம் மலிவான மணித்தியாலங்களில் ஏற்றி, நாட்கணக்கில் வைத்து எடுப்பார்கள். கோடையிலிருந்து மாரிக்கு அல்ல. உங்கள் கூரைப் பலகை 80 பாகைக்கு மேல் போக மூச்சு வாங்கும், 500க்கு எங்கே போவது?

நேற்று எழுதும்போது ஒன்றை விட்டுவிட்டேன். பருவம் தாண்டிச் சேமிப்பதை நாம் புதிதாகப் படிக்க வேண்டியதில்லை. மாரி மழையை உன்னிச்சையிலும் நவகிரியிலும் சேனாநாயக்க சமுத்திரத்திலும் மறித்து வைத்துத்தானே சிறுபோகம் செய்கிறோம்? அந்தத் தண்ணீரை ஒவ்வொருவரும் வீட்டுக் குடத்தில் சேமித்துச் சிறுபோகம் செய்யலாம் என்று யாராவது சொன்னால் சிரிப்போம். குளத்தின் வேலையைக் குடம் செய்யாது. குளம் என்றால் கட்டு வேண்டும், வாய்க்கால் வேண்டும், கண்டம் பிரிக்க வேண்டும், தண்ணீர் முறை பார்க்க வட்டவிதானை வேண்டும். ட்ரேக் லாண்டிங் ஒரு குளம். அத்தான் கேட்பது குடம்.

ஜட்லாந்து மருமகள் எழுதியது:

சேர் வட்டவிதானை என்றதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் கல்முனைப் பிள்ளை, டென்மார்க்குக்கு வாழ்க்கைப்பட்டு இருபது வருடம். இங்கே அந்த வட்டவிதானை வேலையைச் செய்வது ஊர் வெப்பச் சங்கம். நாட்டில் மூன்றில் இரண்டு பங்கு வீடுகளில் வீட்டைச் சூடாக்கத் தனி அடுப்பும் இல்லை, காஸும் இல்லை, தெருவுக்குக் கீழே குழாயில் சுடுதண்ணி வருகிறது. பல இடங்களில் அந்தச் சங்கம் பாவனையாளர்களுக்கே சொந்தம். நம்மட கூட்டுறவுச் சங்கம் மாதிரி என்று வையுங்கள், ஆனால் வருடாந்தக் கூட்டத்தில் கோப்பியும் கேக்கும் உண்டு.

குழாய் ஏற்கெனவே தெருவில் கிடப்பதால், எங்கிருந்து சூடு வந்தாலும் அதில் விடலாம். அதனால் இங்கே துளை போடுவதை விட, பெரிய குழி வெட்டித் தண்ணீர் நிரப்புவதுதான் அதிகம். துரொன்னிங்லண்ட் என்ற ஊரில் ஒன்றைப் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சுற்றுலாவோடு போய்ப் பார்த்தேன். 60,000 கன மீற்றர், 2014இல் தொடங்கியது, பழைய சரளைக் குழிக்குள் கட்டியது. தலைகீழாகக் கவிழ்த்த பிரமிட் மாதிரி நாலு பக்கமும் சரிவு, உள்ளே தடித்த பிளாஸ்ரிக் விரிப்பு, மேலே மிதக்கிற மூடி. மூடிமேல் ஏறி நடக்க விட்டார்கள். காலுக்குக் கீழே நிலம் மெல்ல அசைகிறது, கல்லடிப் பழைய பாலத்தில் முந்திப் பஸ் போகும்போது ஒரு ஆட்டம் வந்ததே, அதுபோல. வெளியே மூன்று பாகை, காலுக்குக் கீழே கொதிக்கக் கொஞ்சம் குறைந்த தண்ணீர். ஊருக்கு வருடம் முழுக்க வேண்டிய சூட்டில் ஏறத்தாழ 40 சதவீதம் வயலில் நிறுத்தியிருக்கிற வெயில் பலகைகளால்.

இதைவிடப் பெரியது வொயென்ஸ், 2,00,000 கன மீற்றர், 2015. மார்ஸ்டால் என்ற தீவு ஊரில் 75,000.

கவலை எல்லாம் மூடியில்தான். தண்ணீர் பக்கமாகச் சூட்டை விடுவதை மண் ஓரளவு தடுக்கும், மேலே தடுக்க மூடி மட்டும்தான். மழைத்தண்ணீர் மேலே தேங்கும், காப்புக்குள் ஈரம் இறங்கும், ஈரமான காப்பு காப்பே இல்லை. மார்ஸ்டாலில் மூடியையே மாற்ற வேண்டி வந்தது. தம்பியின் பொலித்தீனுக்குள் தவளை வந்தது போலத்தான், பெரிய அளவில்.

கரடியனாற்றுக் கல் எழுதியது:

நான் குழாய்க்கிணறு அடிக்கிறவன். தம்பி எங்கே பிழை விட்டார் என்று எல்லாரும் கணக்குச் சொல்கிறீர்கள், நிலத்தை ஒருத்தரும் சொல்லவில்லை.

தாழங்குடா மண் கடல்மண். மழை விழுந்தால் நேரே இறங்கும், இறங்கினது நிற்காது, வாவிப் பக்கமோ கடல் பக்கமோ மெல்ல நகரும். நகருகிற தண்ணீருக்குள் சூட்டை வைப்பது ஆற்றில் உப்பைக் கட்டி வைப்பது போல. துளை போட்டுச் சூடு வைக்கிற இடத்தில் முதலில் பார்க்க வேண்டியது தண்ணீர் ஓட்டம் இருக்கிறதா என்பதுதான். கரையோரம் முழுக்க ஓட்டம் உண்டு. அதோடு அங்கே நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலே மெல்லிய படையாக மிதக்கிறது. அதைத்தான் சனம் கொட்டுக்கிணற்றில் அள்ளிக் குடிக்கிறது. அதற்குள் 80 பாகையை இறக்கினால் பக்கத்து வளவுக்காரன் மண்வெட்டியோடு வருவான், அவன் பக்கம் நியாயமும் இருக்கும்.

எங்கள் பக்கம், மேற்கே, வேறு கதை. மேல்மண் போனதும் கருங்கல். நல்ல கல்லென்றால் ஒரு நாளைக்கு ஒரு துளைதான் முடியும், துருவி தேயும், டீசல் குடிக்கும். சூட்டுக்கு அந்தக் கல் நல்லதுதான், தண்ணீர் ஓட்டம் இல்லை, சூட்டையும் நன்றாகக் கடத்தும். வெடிப்பு வந்தால் அதுவும் போச்சு. கிணறு அடிக்கும்போது வெடிப்புக் கிடைக்காதா என்று ஏங்குவோம், இதற்கு வெடிப்பே வரக்கூடாது. 144 துளை என்று வாசித்ததும் எனக்குக் கூலிதான் கண்ணுக்குள் வந்தது.

உமிமேடு, சம்மாந்துறை எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். வீடு சூடாக்கிறது நமக்குத் தேவையில்லை, நுவரெலியாக்காரருக்கும் விடியக் குளிக்கச் சுடுதண்ணி இருந்தால் போதும், அதற்கு ஒரு நாள் தொட்டியே காணும். ஆனால் நமக்கும் மாரியில் சூடு தேவைப்படுகிற இடம் ஒன்று இருக்கிறது, அதை ஏன் ஒருத்தரும் பேசவில்லை? நெல்.

பெரும்போகம் முந்தி விதைச்சவன் தை மாதம் அறுக்கிறான். மெஷின் ஒரு நாளில் அறுத்துத் தள்ளிவிடும், நெல் 22 சதவீத ஈரத்தில் வரும். வைக்க வேண்டுமென்றால் 14க்கு இறக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து மழை. றோட்டில் படங்கு விரிச்சவன் ஓடி ஓடி மூடுகிறான், திறக்கிறான், மூடுகிறான். மூன்று நாள் குவிந்து கிடந்தால் உள்ளே கையை விட்டுப் பாருங்கள், சுடும். மறுகா முளைக்கத் தொடங்கும். வாத்தி சேர், கச்சான் காலத்து வெயிலை அந்தக் கிழமைக்கு மட்டும் கொண்டுவர வழி உண்டா? கணக்கைப் போட்டுத் தாருங்கள்.

வாவிக்கரை வாத்தி எழுதியது:

நல்ல கேள்வி காக்கா. நேற்றிரவு முழுக்க இதிலேயே இருந்தேன், வீட்டில் ஏச்சும் விழுந்தது.

1,000 கிலோ நெல்லை 22இலிருந்து 14க்கு இறக்க 93 கிலோ தண்ணீர் ஆவியாகிப் போக வேண்டும். அதற்குக் குறைந்தது 58 யூனிட் சூடு. இந்த எண்ணை முன்னமே பார்த்திருக்கிறீர்கள்: ஒரு கன மீற்றர் தண்ணீரை 50 பாகை சூடாக்கினால் அடங்குவதும் 58. தற்செயல்தான், ஆனால் மனதில் நிற்கும். ஒரு தொன் நெல்லுக்கு ஒரு கன மீற்றர் சுடுதண்ணி. நடைமுறையில் உலர்த்தி பாதியை வீணாக்கும், ஆகவே இரண்டு.

நமக்கு ஒரு நன்மை உண்டு. சுற்றுமண் 28 பாகை, கல்கரியைப் போல ஐந்தாறு இல்லை, ஆகவே கசிவு குறைவு. ஒரு பாதகமும் உண்டு. அவர்கள் 35 பாகைத் தண்ணீரைக்கூடத் தரைக்குள் விட்டு வீட்டைச் சூடாக்கலாம். ஈரம் பிடித்த மாரிக் காற்றை உலர்த்த நமக்கு 45க்கு மேல் வேண்டும். அதற்குக் கீழே தொட்டியில் மிஞ்சுவது குளிக்கத்தான் உதவும்.

உங்கள் மில்லில் ஒரு மாரிக்கு 500 தொன் உலர்த்த வேண்டும் என்று வைப்போம். 1,000 கன மீற்றர், கசிவோடு 2,000. அதைக் கட்டி, மூடி போட்டு, ஆடி ஆவணியில் சூடேற்றி, ஐந்து மாதம் காத்திருந்து, இரண்டு கிழமை பாவிப்பது. முடியுமா என்றால் முடியும்.

உமிமேடு, சம்மாந்துறை எழுதியது:

சேர், முடியும் என்று நீங்கள் சொன்ன விதத்திலேயே எனக்குப் பதில் கிடைத்துவிட்டது.

இப்போது நான் ஒரு கணக்குச் சொல்கிறேன், இதற்குப் பள்ளிக்கூடம் தேவையில்லை. ஒரு தொன் நெல் குத்தினால் 200 கிலோ உமி வரும். உமி கிலோவுக்கு மூன்றரை யூனிட்டுக்குக் குறையாது, பொயிலர் பூட்ட வந்த பொறியியலாளர் சொன்னது. அப்போ 700 யூனிட். உலர்த்த வேண்டியது உங்கள் கணக்கில் 58, வீணோடு 116. என் வாசலில் கிடக்கிற உமியில் ஆறு மடங்கு சூடு இருக்கிறது. அதைப் புதைக்கவும் வேண்டாம், மூடி போடவும் வேண்டாம். மழை படாமல் தகரத்துக்குக் கீழே குவித்தால் மாசம் கழிச்சும் அதே சூடு, ஒரு பாகையும் இறங்காது. நாலு மாதம் வயலில் நின்று வெயிலைக் குடித்தது அதுதானே? என் பெயர் உமிமேடு, வேறென்ன சொல்வேன் என்று எதிர்பார்த்தீர்கள்.

வீரமுனை விதைநெல் எழுதியது:

காக்கா சொல்வது மில் நெல்லுக்குச் சரி. எங்களுக்குச் சரிவராது.

நான் விதைநெல் செய்கிறேன். விதைக்கு 43 பாகைக்கு மேல் காற்றுப் போனால் முளை செத்துவிடும். போன தையில் ஒரு உமி உலர்த்தியில் கொடுத்தேன், எங்கே என்று சொல்ல மாட்டேன். ராத்திரி சூட்டைப் பார்க்க நின்ற பெடியன் நித்திரை. விடிய நெல்லைப் பார்த்தால் பொன் மாதிரி, அழகுக்குக் குறையில்லை. நூறு மணியை ஈரச்சாக்கில் சுற்றி வைத்தேன். நாலாம் நாள் எண்ணினால் முளைத்தது முப்பத்தொன்று. அவ்வளவையும் சாப்பாட்டு நெல் விலைக்குக் கொடுத்தேன்.

தண்ணீரில் வருகிற சூடு இப்படிச் செய்யாதே? 43 பாகைத் தண்ணீரை ரேடியேற்றருக்குள் விட்டுப் பின்னால் விசிறி பூட்டினால், வருகிற காற்று அதற்கு மேல் எப்படிப் போகும்? பெடியன் நித்திரை கொண்டாலும் பரவாயில்லை. எனக்கு ஐந்து மாதச் சேமிப்பு வேண்டாம். பகலில் வெயில் வருகிற நாட்களில் பிடித்து, ராத்திரிக்கும் மறுநாள் மழைக்கும் ஓடினால் போதும். ஒரு தடவைக்கு 500 கிலோதான்.

வாவிக்கரை வாத்தி எழுதியது:

பிள்ளை, இது புத்தியான கேள்வி. 500 கிலோவுக்கு வீணோடு 58 யூனிட், ஒரு கன மீற்றர் தொட்டி. தென்னந்தும்பு சுற்றினால் இரண்டு நாள் தாங்கும். ஆனால் தொட்டியை 45இலிருந்து 95க்கு ஏற்ற முடியாது, 75 வரை என்று வைத்தால் அடங்குவது 35. மிச்சத்தைப் பகலில் நேரடியாகக் காற்றுக்குக் கொடுக்க வேண்டும். காற்று 43ஐத் தாண்டாமல் இருக்கத் தண்ணீரோடு ஆறின தண்ணீரைக் கலக்கிற வால்வு ஒன்றும் கட்டாயம். 75 பாகைத் தண்ணீரை நேரே விட்டால் அந்தப் பெடியன் செய்ததைத்தான் அதுவும் செய்யும். நல்ல நாளில் இங்கே ஒரு சதுர மீற்றரில் 5 யூனிட் வெயில் விழும், பலகை அதில் பாதியைப் பிடிக்கும். தைமாத முகிலுக்கு அதிலும் கழிக்க வேண்டும். ஆகவே இருபது சதுர மீற்றருக்குக் குறையாமல் பலகை வேண்டும். அதுதான் செலவு, தொட்டி அல்ல. மழை நான்கு நாள் விடாமல் பெய்தால் காக்காவின் உமிக்குத்தான் போக வேண்டும். அப்போது நித்திரை கொள்ளாத ஆளைப் பிடியுங்கள்.

கல்கரிக் கொக்கு எழுதியது:

தம்பி, அத்தானை மறந்துவிட்டோம். அவருக்குச் சொல்லுங்கள்: தனி வீட்டுக்குக் குழி வேண்டாம். முதலில் கூரைக்குள் காப்பைக் கூட்டட்டும், சன்னல் ஓரத்தில் காற்றுப் புகுகிற இடங்களை அடைக்கட்டும். ட்ரேக் லாண்டிங் வீடுகளே சாதாரண வீட்டைவிட நன்றாகக் காப்புப் போட்டுக் கட்டியவைதான், அதனால்தான் அந்த மண் அவர்களுக்குக் காணுமாக இருந்தது. காசு மிஞ்சினால் ஹீட் பம்ப். அது மண்ணில் ஐந்து பாகை இருந்தாலும் அதிலிருந்து உறிஞ்சி எடுக்கும், யாரும் சூட்டைப் போட்டு வைக்கத் தேவையில்லை. என் வீட்டுக்குப் பக்கம்தான் என்றால் ஒரு நாள் வந்து பார்க்கிறேன், கோழிக்கறி வைக்கச் சொல்லுங்கள்.

தாழங்குடாத் தம்பி எழுதியது:

அத்தானுக்கு இந்த இழை முழுவதையும் அனுப்பினேன். "குடம்" என்ற இடத்தில் கொஞ்சம் கோபம். கூரைக்குள் ஏறிப் பார்த்தாராம், பல இடத்தில் காப்பே இல்லையாம்.

வீரமுனை அக்கா, என்னிடம் 40 மீற்றர் சுடுதண்ணிக் குழாய் சும்மா கிடக்கிறது, பம்ப் ஒன்று, பலகை இரண்டு. பலகை நாலு சதுர மீற்றர்தான் வரும், சேர் சொன்ன இருபதுக்கு இன்னும் எட்டு வேண்டும். விடுதிகளில் கழற்றுகிற பழையவை மாதத்துக்கு ஒன்றிரண்டு கைக்கு வரும், தைக்குள் சேர்த்துப் பார்க்கலாம். ரேடியேற்றர் பழைய லொறியில் எடுக்கலாம். காசு பிறகு கதைப்போம்.

உமிமேடு, சம்மாந்துறை எழுதியது:

விசிறி என்னிடம் இருக்கிறது, பழைய தூற்றும் மெஷினுடையது. மோட்டர் கொஞ்சம் சத்தம் போடும். வந்து எடுங்கள் தங்கச்சி.

கரடியனாற்றுக் கல் எழுதியது:

தம்பி, குழாயைக் கழற்றியாச்சு, குழி என்னாச்சு? மூடாமல் விட்டால் மாடு விழும்.

தாழங்குடாத் தம்பி எழுதியது:

மூடியாச்சு அண்ணன். அம்மா அதில் கதலி வாழைக்குட்டி ஒன்று வைத்துவிட்டா.